ரிலாக்ஸா இருன்னு சொல்லிட்டாப் போதுமா?

கேன்சர் வந்தவர்களிடம் சொல்லக் கூடாத வசனங்கள் என்று ஒரு பட்டியல் போட்டால், "நீ ரிலாக்ஸா இரு, எல்லாம் சரியாயிடும்" என்பதற்கு நான் முதலிடம் கொடுப்பேன். சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. பிரியத்தில்தான் சொல்கிறார்கள். நானே சொல்லியிருக்கிறேன், ஒரு தடவை இல்லை, நூறு தடவை. அதனால்தான் இதை எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்து, பேங்க் பரீட்சை எழுதி, ஆபீசராகி, நாக்பூர், புனே என்று டிரான்ஸ்பரில் சுற்றி, இப்போது மும்பை செம்பூரில் குடித்தனம். டெபிட், கிரெடிட் தவிர வேறு எதிலும் பட்டம் கிடையாது. போன வாரம் ஊரிலிருந்து ஒரு சொந்தக்காரர் போன் பண்ணி, அவர் தங்கச்சிக்கு அடுத்த வாரம் கீமோ ஆரம்பம் என்றார். கடைசியில், "மாப்ளே, அவளைக் கொஞ்சம் ரிலாக்ஸா இருக்கச் சொல்லி நீங்க ஒரு வார்த்தை பேசுங்களேன்" என்றார். அங்கே பதில் சொல்லத் தெரியாமல் 'ம்' கொட்டினேன். சொல்ல வேண்டியதை இங்கே சொல்கிறேன்.

2022 நவராத்திரி. கொலு எடுத்து வைத்த மறுவாரம் தங்கமணி மார்பில் ஒரு கட்டி இருப்பதாகச் சொன்னாள். மாமோகிராம், பயாப்ஸி, ரிப்போர்ட். நவம்பரில் ஆபரேஷன். டிசம்பரில் கீமோ தொடங்கியது. 21 நாளைக்கு ஒரு முறை, முதலில் 4 சைக்கிள், அதில் ஒரு மருந்து ரோஸ்மில்க் கலரில் சிவப்பாக இருக்கும். இந்த வழியாகப் போனவர்களுக்கு எந்த மருந்து என்று சொல்லாமலே தெரியும்.

முதல் சைக்கிளில் வாந்தி வந்தது. வரும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். மாத்திரை கொடுத்தார்கள், கேட்டது. இரண்டாவதில் விசித்திரமாக ஒன்று நடந்தது. ஆஸ்பத்திரி வாசலில் சானிடைசர் வாசனை பட்டதுமே குமட்டினாள். இன்னும் ஊசியே குத்தவில்லை. மூன்றாவது சைக்கிளுக்கு டாக்சியில் போகிறோம். செம்பூரில் ஏறி சுன்னாபட்டி, சயான் தாண்டி கிங்ஸ் சர்க்கிள் வரும்போது வண்டியை நிறுத்தச் சொன்னாள். ஓரமாக உட்கார்ந்து காலையில் குடித்த கஞ்சி அத்தனையும் எடுத்தாள். ஆஸ்பத்திரி இன்னும் நாலு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது.

கிங்ஸ் சர்க்கிள், மாடுங்கா என்றால் மும்பைத் தமிழர்களுக்கு என்னவென்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எங்களுக்குக் கல்யாணமாகி முதல் தடவை மும்பை வந்தபோது அவள் "ஏங்க, இங்க வாழைத்தண்டு கிடைக்குதுங்க!" என்று கத்தியது அந்த மார்க்கெட்டில்தான். மாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் டிபன் சாப்பிட்டு, டிகாஷன் காபி குடித்து, மல்லிகைப்பூவும் வாழைப்பூவும் வாங்கிக்கொண்டு வருவது எங்கள் வழக்கம். அந்த இடம் இப்போது அவளுக்கு வாந்தி வரும் இடமாகிவிட்டது.

அன்று ராத்திரி, நாலாவது வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அழவில்லை, கோபமும் இல்லை. கரண்ட் பில் கட்டியாச்சா என்று கேட்கிற குரலில், "எனக்குப் போதுங்க" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நீ டென்ஷன் ஆகாதம்மா, ரிலாக்ஸா இரு."

அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. "எப்படி இருக்கணும்னு சொல்லுங்க, இருந்துடறேன்" என்றாள்.

பதில் இல்லை என்னிடம். இருபது வருஷமாகக் கஸ்டமர்களிடம் "ஃபார்ம் நிரப்புங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எப்படி நிரப்புவது என்று சொல்லாமல் இருந்தால் கவுண்டரில் அடிதடிதான் நடந்திருக்கும். ஆனால் உடம்பையும் மனதையும் தளர்த்துவது என்கிற அவ்வளவு கஷ்டமான வேலையை, செய்முறை சொல்லாமல் ஒரு வார்த்தையில் நோயாளி தலையில் கட்டிவிடுகிறோம். செய்ய முடியவில்லை என்றால் அதுவும் அவள் குற்றம்.

இந்த முன்கூட்டி வரும் குமட்டலுக்குப் பெயரே இருக்கிறது, ஆன்டிசிபேட்டரி நாசியா. பாவ்லோவ் என்கிற ரஷ்யக்காரரைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். செரிமான ஆராய்ச்சிக்காக 1904-ல் நோபல் பரிசு வாங்கியவர். சாப்பாட்டோடு சேர்த்துச் சேர்த்து ஒரு சத்தத்தைக் கேட்ட நாய்க்குப் பிறகு சத்தம் மட்டும் கேட்டாலே எச்சில் ஊறியது. அதே கணக்குத்தான். கீமோவும் வாந்தியும் இரண்டு மூன்று தடவை சேர்ந்து வந்ததும், கீமோவுக்கு முன்னால் வருகிற வாசனை, ரோடு, டாக்சி சீட் எல்லாமே மணி அடிக்க ஆரம்பித்துவிடுகின்றன. மனபலம் குறைந்ததால் வருவதில்லை இது. உடம்பு பாடம் படித்துவிட்டது, அவ்வளவுதான். மருந்து ஏறிய பிறகு வரும் வாந்தியை அடக்குகிற மாத்திரைகள் இந்த வகையை அவ்வளவாக அடக்குவதில்லை. முதல் சைக்கிளிலிருந்தே வாந்தியைச் சரியாகக் கட்டுப்படுத்தி, உடம்பை இந்தப் பாடம் படிக்க விடாமல் பார்த்துக்கொள்வதுதான் நல்ல வழி. படித்துவிட்டால், பதற்றத்தைக் குறைக்கும் மாத்திரை ஒரு பக்கம், தளர்வுப் பயிற்சி மறுபக்கம் என்றுதான் வைத்தியப் புத்தகங்களே சொல்கின்றன.

இது எதுவும் அப்போது எங்களுக்குத் தெரியாது. டே கேரில் இருந்த ஒரு மலையாளி நர்ஸ் சேச்சிதான், "இதுக்கு கவுன்சலிங் ரூம் உண்டல்லோ, நீங்க போயில்லையா?" என்று கேட்டார். மூன்று சைக்கிள் முடிந்திருக்கிறது. அந்த ரூமைத் தாண்டி மூன்று தடவை பில் கட்டப் போயிருக்கிறேன். ஒருத்தரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். எத்தனையோ உயிரைக் காப்பாற்றுகிற இடம், டாக்டர்களுக்கு மூச்சு விட நேரமில்லை. ஆனாலும் ஒரு சீட்டில் ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் கிங்ஸ் சர்க்கிளில் அவள் ரோட்டோரம் உட்கார்ந்திருக்க வேண்டாமே என்கிற வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் போகவில்லை.

கவுன்சலர் ஒரு மராத்திப் பெண்மணி. முதலில் ஒரு தாளைக் கொடுத்தார். அதில் ஒரு தெர்மாமீட்டர் படம், 0-லிருந்து 10 வரை. "போன ஒரு வாரத்தில் உங்கள் மனக்கஷ்டம் எத்தனை டிகிரி, வட்டம் போடுங்கள்." 4 அல்லது அதற்கு மேல் போட்டால் கவனித்தே ஆக வேண்டும் என்பது கணக்கு. தங்கமணி 8 போட்டாள். வீட்டில் நானும் பிளஸ் ஒன் படிக்கும் மகளும் அவளை "நல்லாத்தான் இருக்கா" என்று ஊருக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்த வாரம் அது.

பேங்க்காரனுக்கு இதைப் பார்த்ததும் ஒன்று தோன்றியது. ஒரு லோன் அக்கவுண்ட் ஒரே நாளில் வாராக் கடன் ஆகிவிடுவதில்லை. 30 நாள் வரை தவணை நின்றால் எஸ்.எம்.ஏ. 0, 60 வரை எஸ்.எம்.ஏ. 1, 90 வரை எஸ்.எம்.ஏ. 2 என்று முன்கூட்டியே கொடி காட்டிக்கொண்டே இருப்போம். பணத்துக்கு இத்தனை கொடி. மனுஷிக்கு? காய்ச்சல் பார்க்கிறார்கள், பி.பி. பார்க்கிறார்கள், வெள்ளை அணு எண்ணுகிறார்கள். காசே செலவில்லாத அந்தத் தாள் தெர்மாமீட்டரை முதல் நாளே நீட்டியிருந்தால் 8 வரை போயிருக்காது.

பிறகு பயிற்சி. கேட்டால் சப்பென்று இருக்கும். நாற்காலியில் சாய்ந்துகொண்டு வலது கையை இறுக்கி முஷ்டி பிடிக்க வேண்டும், ஐந்து ஏழு விநாடி. பிறகு சட்டென்று விட்டுவிட வேண்டும். விட்ட பிறகு கையில் என்ன தெரிகிறது என்று அரை நிமிஷம் கவனிக்க வேண்டும். அடுத்து முன்கை, தோள், நெற்றி, கண், தாடை, கழுத்து, மார்பு, வயிறு, தொடை, கெண்டைக்கால், பாதம். ஒவ்வொன்றாக இறுக்கி, விட்டு, கவனித்து. மொத்தம் இருபது நிமிஷம், தினம் இரண்டு வேளை. ஆபரேஷன் ஆன பக்கத்துக் கையை இறுக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். எலும்பில் நோய் பரவியவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறுக்கவே கூடாதாம். அவர்களுக்கு இறுக்காமல் தளர்த்த மட்டும் தனிமுறை இருக்கிறது. சிலருக்குக் கண்ணை மூடினாலே பயம் கூடும், அவர்கள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே செய்யலாம்.

இதைக் கண்டுபிடித்தவர் எட்மண்ட் ஜேக்கப்சன் என்கிற அமெரிக்க டாக்டர். சிகாகோவில் இருந்துகொண்டு 1929-ல் இதைப் பற்றிப் புத்தகமே போட்டார். அவர் பிடித்த விஷயம் எளிமையானது. பயப்படும்போது நமக்குத் தெரியாமலே தசைகள் விறைத்துக்கொள்கின்றன. மனதை நேரடியாக அதட்டினால் கேட்காது. தசையைக் கேட்டால் கேட்கும். தசை தளர்ந்திருக்கும்போது முழுப் பதற்றத்தில் இருப்பது கஷ்டம். ஆனால் 'தளர்ந்திருப்பது' எப்படி இருக்கும் என்றே பலருக்கு மறந்துபோயிருக்கும், அதனால்தான் முதலில் இறுக்கிக் காட்டுவது. அவருடைய ஒரிஜினல் பாடம் மாதக்கணக்கில் இழுக்கும். பின்னால் வந்தவர்கள் சுருக்கினார்கள்.

நம்ம ஊரில் சவாசனம் என்று பல காலமாக இருப்பதற்கு இது சித்தப்பா பிள்ளைதானே என்று சிலர் கேட்பீர்கள். ஆமாம். யோகா தெரிந்தவர்கள் அதையே செய்யலாம், மூச்சை மெதுவாக, குறிப்பாக வெளியே விடுவதை நீளமாக விட்டாலே இதயத் துடிப்பு தணியும். எந்தப் பெயரில் செய்கிறோம் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. தினம் செய்கிறோமா என்பதில்தான்.

முதல் நாள் தங்கமணிக்குச் சுத்தமாக வரவில்லை. கவுன்சலர் ஹிந்தியில் மெதுவாகத்தான் சொன்னார். "ஹாத் கோ டீலா சோட் தீஜியே..." தங்கமணியின் ஹிந்தி ஒன்றும் மோசமில்லை. காய்கறிக்காரனிடம் பேரம் பேசுவதில் என்னைவிட பத்து மடங்கு கெட்டி. ஆனால் வெளியே வந்து சொன்னாள், "அவங்க சொல்றதை முதல்ல தமிழ்ல மாத்தி, அப்புறம் கையை விடணும். மாத்தறதுக்குள்ள மறுபடி டென்ஷன் ஆயிடுது."

வெளியூரில் குடும்பம் நடத்துகிற நம்மைப் போன்றவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது. பேரம் பேச, சண்டை போட, ஸ்கூல் மீட்டிங்கில் தலையாட்ட வேற்று மொழி போதும். உடம்பை விட்டுவிட அது போதாது.

சரி, நானே தமிழில் எழுதி செல்போனில் ரெக்கார்ட் பண்ணினேன். "வலது கரத்தை இறுக்கவும். இப்போது தளர்த்தவும்." கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "லோன் வசூலுக்கு வந்த மாதிரி இருக்குங்க. கையைத் தளர்த்தலைன்னா ஜப்தி பண்ணிடுவீங்க போல." அந்த மாசத்தில் அவள் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான், ஆகவே என் முயற்சி முழு நஷ்டம் என்று சொல்ல முடியாது.

'தளர்த்தவும்' என்பது பாடப்புத்தக வார்த்தை. அதற்கு வீட்டு வார்த்தை என்ன? இரண்டு நாள் யோசித்தோம். அவளுக்குத்தான் ஞாபகம் வந்தது. சின்ன வயதில் கோவில்பட்டியில் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது அத்தை (எனக்கு மாமியார்) சொல்வார்களாம், "ஏட்டி, கழுத்தை விறைக்காத, என் கையில விடு." அதுதான். 'என் கையில விடு.' அதைவிடச் சரியான தமிழ் இதற்கு இல்லை.

ஒரு சிக்கல். அத்தைக்கு அதுவரை விஷயமே தெரியாது. எழுபத்தி நாலு வயசு, பி.பி., தாங்க மாட்டார்கள் என்று மறைத்து வைத்திருந்தோம். ஊரிலிருந்து போன் வந்தால் தங்கமணி தொண்டையைச் சரிசெய்துகொண்டு உற்சாகமாகப் பேசுவாள், வைத்ததும் அரை மணி நேரம் படுத்துவிடுவாள். கவுன்சலர் இதைக் கேட்டுவிட்டு, "இரண்டு வேளை தசையை விடுகிறீர்கள், ஆனால் தினம் ஒரு வேளை இந்தப் போனில் மறுபடி இறுக்கிக்கொள்கிறீர்களே" என்றார். சொல்லிவிட்டோம். அத்தை போனில் ஐந்து நிமிஷம் அழுதார்கள். நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் பிடித்து மச்சினனோடு வந்து இறங்கினார்கள். தாங்க மாட்டார்கள் என்று நாங்கள் நினைத்த ஆள்தான் அடுத்த மூன்று மாதம் எங்கள் வீட்டைத் தாங்கியது. பெரியவர்களிடம் மறைப்பது அவர்களுக்காக என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். அவர்கள் அழுவதைப் பார்க்க நமக்குத் தெம்பில்லை என்பதுதான் நிஜம் என்று இப்போது நினைக்கிறேன்.

கடைசியில் ரெக்கார்டிங்குக்குக் குரல் கொடுத்தது என் மகள். மும்பையில் வளர்ந்த பெண், தமிழ் பேசுவாள், படிக்க வராது. அத்தை சொல்லச் சொல்ல, தமிழ் வசனத்தை ஹிந்தி எழுத்தில் எழுதிக்கொண்டு படித்தாள். ழகரம் எல்லாம் அவள் இஷ்டத்துக்கு. "களுத்தை விறைக்காதம்மா, என் கையில விடு." பதினெட்டு நிமிஷம். பின்னணியில் குக்கர் விசில் ஒன்று கேட்கும். அதை வெட்ட வேண்டாம் என்று தங்கமணி சொல்லிவிட்டாள்.

வீட்டில் தினம் பழகினாள். இது முக்கியம். ஆஸ்பத்திரியில் போய் முதல் தடவை செய்து பார்க்க முடியாது, நீச்சலை வெள்ளத்தில் கற்றுக்கொள்ள முடியாது என்பது மாதிரி. பத்து நாள் கழித்து, தளர்ந்த நிலையிலேயே மனதில் டாக்சி ஏறச் சொன்னார் கவுன்சலர். செம்பூர். சுன்னாபட்டி. குமட்டல் வந்தால் அங்கேயே நின்று மறுபடி கை, தோள், தாடை. சயான் வர நாலு நாள் ஆனது. அப்புறம் கீமோ இல்லாத ஒரு நாளில் நிஜமாகவே டாக்சியில் கிங்ஸ் சர்க்கிள் வரை போய், இறங்காமல் திரும்பினோம். மீட்டரில் நூறு ரூபாய்க்கு மேல் ஓடியது. டிரைவருக்கு எங்கள் மேல் சந்தேகம்.

2023 பிப்ரவரியில் நாலாவது சைக்கிள். போகும் வழியில் வாந்தி இல்லை. கண்ணை மூடி, ஒரு காதில் மகள் குரலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மருந்து ஏறிய பிறகு வீட்டில் இரண்டு தடவை எடுத்தாள், அது மருந்து வாந்தி. தெர்மாமீட்டரில் 5 போட்டாள். பூஜ்யம் ஆகிவிட்டது என்று எழுதினால் நீங்கள் என்னை நம்பக் கூடாது. 8, 5 ஆனது. வித்தியாசம் 3. அந்த மூன்றுதான் அவளை மிச்சமிருந்த வாராந்திர 12 ஊசிக்கும் கொண்டுபோய் உட்கார வைத்தது.

எங்கள் வீட்டுக் கதை ஒன்றை வைத்துக்கொண்டு தீர்ப்பு சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 2001-ல் ஜெர்மனிக்காரர்கள் 15 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், சிகிச்சையின்போது தளர்வுப் பயிற்சி செய்தவர்களுக்குக் குமட்டல், வலியோடு பதற்றமும் மனச்சோர்வும் குறைந்தது தெரிந்தது. 2023-ல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமான ஆஸ்கோ, பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் என்று வெளியிட்ட வழிகாட்டியில் தியானம், யோகா, இசையோடு தளர்வுப் பயிற்சிக்கும் இடம் கொடுத்திருக்கிறது.

இப்போது அடுத்த பக்கம். இதையே வைத்து, "மனசை ரிலாக்ஸா வெச்சா கேன்சரே போயிடும்" என்று சொல்கிறவர்கள் வருவார்கள். எங்களுக்கும் வந்தார்கள், முள்சீத்தா இலைக் கஷாயத்தோடும் வாட்ஸ்அப் வீடியோவோடும். போகாது. கட்டியைக் கரைப்பது ஆபரேஷனும் மருந்தும் ரேடியேஷனும்தான். 1989-ல் டேவிட் ஸ்பீகல் என்கிற ஸ்டான்ஃபோர்டு டாக்டர், நோய் பரவிய மார்பகப் புற்றுநோய்ப் பெண்கள் வாரம் ஒரு முறை குழுவாகக் கூடிப் பேசி, வலிக்குத் தன்வசியப் பயிற்சியும் செய்ததில், மற்றவர்களைவிடச் சராசரியாகப் பதினெட்டு மாதம் கூட வாழ்ந்தார்கள் என்று லான்செட் பத்திரிகையில் எழுதினார். உலகமே பரபரத்தது. 2001-ல் கனடாவில் பெரிய அளவில் செய்து பார்த்தபோது ஆயுள் கூடவில்லை. 2007-ல் ஸ்பீகலே மறுபடி செய்ததிலும் மொத்தத்தில் கூடவில்லை, அதை அவரே ஒளிக்காமல் வெளியிட்டார். ஆனால் கனடா ஆய்வில் அந்தப் பெண்களுக்கு மனவேதனையும் வலியும் குறைந்திருந்தது. எனக்கு அது போதும். இருக்கும் நாளில் வேதனை குறைவது சின்ன லாபமா என்ன?

இதிலிருந்து இன்னொரு விபரீதமும் பிறக்கிறது. மனசு நோயை ஓட்டும் என்றால், நோய் திரும்பி வந்தவளுக்கு மனசு சரியில்லை என்றாகிவிடும். "நீ எப்பவும் கவலைப்பட்டுக்கிட்டே இருந்தே, அதான் வந்துச்சு" என்று ஒரு அம்மாள் என் வீட்டு ஹாலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே தங்கமணியிடம் சொன்னார். காபி டம்ளரை நான் வாங்கிக்கொண்டு வாசல் கதவைத் திறந்து வைத்தேன். நாகரிகம் இல்லைதான்.

டே கேரில் பக்கத்து நாற்காலியில் தாராவியிலிருந்து ஒரு அண்ணாச்சி வருவார். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், தோல் பட்டறை. வாயில் புற்று, பேச்சு சரியாக வராது. தங்கமணி காதில் என்ன கேட்கிறாள் என்று சைகையில் கேட்டார். அவர் சம்சாரம் போனில் ஏற்றிக் கொடுத்தோம். தாடையை இறுக்கும் பகுதியை மட்டும் விட்டுவிடச் சொன்னார் கவுன்சலர். 2024 தை மாதம் அவர் தவறிவிட்டார். துஷ்டிக்குப் போனபோது அந்த அக்கா சொன்னார், "கடைசி ரெண்டு மாசம் ராத்திரி உங்க பிள்ளை குரலைப் போட்டாத்தான் தூங்குவாவ. களுத்து களுத்துன்னு அது சொல்றதைக் கேட்டுச் சிரிப்பாவ." என் மகளிடம் இதைச் சொன்னபோது ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

என் கட்சி இதுதான். பயாப்ஸி ரிப்போர்ட் கொடுக்கிற அன்றைக்கே, முதல் ஊசிக்கு முன்னாலேயே, இந்தப் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தாக வேண்டும். விருப்பம் இருந்தால் மாடியில் ரூம் இருக்கிறது என்கிற மாதிரி இல்லை. ரத்தப் பரிசோதனை மாதிரி கட்டாயமாக. இந்தியாவில் 2022-ல் மட்டும் புதிதாகச் சுமார் 14 லட்சம் பேருக்குப் புற்றுநோய் என்று குளோபோகான் கணக்கு சொல்கிறது. அத்தனை பேருக்கும் மனநல நிபுணர் கிடையாது, தெரியும். ஆனால் பயிற்சி பெற்ற ஒரு நர்ஸ், இருபது நிமிஷம், ஒரு நாற்காலி. மிஷின் வேண்டாம், ஃபிலிம் வேண்டாம். ஒரு ஸ்கேன் பில்லைப் பார்த்தவன் சொல்கிறேன், இதைவிட மலிவான வைத்தியம் அந்தக் கட்டிடத்தில் இல்லை. பரேலில் டாடா மெமோரியலைச் சுற்றி பிளாட்பாரத்தில் பாயும் மூட்டையுமாக உட்கார்ந்திருக்கும் பீகார், வங்காளக் குடும்பங்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் மொழியில், போஜ்புரியிலும் வங்காளியிலும் தமிழிலும், பதினெட்டு நிமிஷம் ரெக்கார்ட் பண்ணி வைக்க எவ்வளவு ஆகிவிடும்?

கூடவே, கூட வருகிறவனுக்கும் சொல்லிக்கொடுங்கள். வராண்டாவில் உட்கார்ந்திருந்த ஒரு நாள் சும்மா நானும் செய்து பார்த்தேன். தாடைக்கு வந்தபோதுதான் தெரிந்தது, அதை நான் இறுக்கவே தேவையில்லை, ஏற்கெனவே இறுகித்தான் இருக்கிறது. எத்தனை மாதமாகவோ பல்லைக் கடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். அதே தாடையோடுதான் அவளிடம் ரிலாக்ஸ், ரிலாக்ஸ் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் எப்படி நம்புவாள்?

ஒரு எச்சரிக்கை. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலுமே பிடிப்பில்லாமல், தூக்கமில்லாமல், வாழ வேண்டாம் என்கிற பேச்சு வந்தால் பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள், மனநல டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அதற்கு மாத்திரை இருக்கிறது, வெட்கப்பட ஒன்றும் இல்லை.

தங்கமணி இப்போது தினம் ஒரு மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒரு செக்கப். செக்கப்புக்கு முந்தின வாரம் தெர்மாமீட்டர் ஏறத்தான் செய்கிறது, 6 வரை போகும். அந்த வாரம் ராத்திரி குக்கர் விசில் சத்தம் ரூமிலிருந்து கேட்கும். அடுப்பில் ஒன்றும் இருக்காது.

கிங்ஸ் சர்க்கிளில் இறங்க ஒன்றரை வருஷம் ஆனது. போன மாதம் போனோம். டிபன் சாப்பிடவில்லை, அந்த மசாலா வாசனை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். வாழைப்பூ ஒன்று வாங்கினாள். விலை கேட்டுவிட்டு மராத்தியில் அந்தக்காரனைப் பிடித்து உலுக்கிவிட்டாள். இருபது ரூபாய் குறைத்தான்.

ஊரிலிருந்து பேசிய சொந்தக்காரருக்கு நேற்று அந்த ஆடியோவை அனுப்பி வைத்தேன். தங்கச்சிக்குக் கேட்கக் கொடுங்கள், ஆனால் முதலில் நீங்கள் ஒரு தடவை செய்து பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.